தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு, பழைய லேப்டாப்பில் குபர்னெட்டிஸ் கற்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். குபர்னெட்டிஸ் என்பது, ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கட்டிய பொதிகளை (கண்டெய்னர்களை) நாம் சொன்ன எண்ணிக்கையில் ஓடவைத்துப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அப்பா வீட்டுக் கூடத்தில், 4 ஜிபி லேப்டாப்பில்தான் கற்றுக்கொண்டேன். உங்களிடமும் அப்படி ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

குபர்னெட்டிஸை ஒரே கணினியில் ஓட்டிப் பழகுவதற்கான மினிகியூப்பைப் போட்டால் 2 ஜிபி மெமரியாவது காலியாக இருக்க வேண்டும். என்னுடையது திணறியது. 2019-ல் வந்த கே3எஸ், குபர்னெட்டிஸின் சிறிய வடிவம், இன்னும் மெலிந்தது. லினக்ஸில் அதைப் போட்டேன், ஓடியது. ஆனால் முதலில் டாக்கர் என்ற கருவியில் ஒரு கண்டெய்னரைக் கட்டி ஓட்டிப் பழகுங்கள். அது கைவராமல் குபர்னெட்டிஸில் இறங்கினால் எது எங்கே உடைந்தது என்றே தெரியாது.

என்னை இரண்டு இரவு தூங்கவிடாதது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் ஓடிய ஒரு பாட். கண்டெய்னரைக் குபர்னெட்டிஸ் வைத்து ஓட்டுகிற சின்ன அலகுதான் பாட். கிளம்பும், விழும். 10 வினாடி கழித்து மறுபடி கிளம்பும், அப்புறம் 20, 40 என்று இடைவெளி ஏறி 5 நிமிடம் வரை போனது. திரையில் கிராஷ்லூப்பேக்ஆஃப், அதாவது திரும்பத் திரும்ப விழுவதால் காத்திருந்து கிளப்புகிறேன் என்ற செய்தி. பாடை அழித்தால், எத்தனை பாட் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் டெப்லாய்மென்ட் உடனே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். அதுவும் விழும்.

அப்பா கங்காணியாக இருந்தவர். என்னவென்று கேட்டார். "இத்தன பேரு வேலையில நிக்கணும்னு எழுதிக் கொடுத்தா, குறையுற இடத்துக்கு இதுவே ஆள் போடும்பா" என்றேன்.

"பெரட்டுல நாங்க செஞ்சதுதானே" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பது, நெரை என்றால் ஒரு ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிசை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ஒரே நெரையில போடுற ஆளெல்லாம் விழுந்தா ஆள மாத்திப் பிரயோஜனம் இல்ல. நெரையப் போய்ப் பாரு."

அதற்குப் பிறகுதான், பாடுக்கு என்ன ஆனது என்று காட்டும் 'டிஸ்கிரைப் பாட்' கட்டளையை அடித்தேன். ஓஓஎம்கில்ட், 137 என்று வந்தது, அதாவது மெமரி போதாமல் கொல்லப்பட்டது. மெமரி வரம்பை 64 எம்பி என்று நானே எழுதியிருக்கிறேன், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 1 ஜிபி ஆக்கினேன். பாட் விழாமல் ஓடியது.

டேட்டாபேஸுக்கு டெப்லாய்மென்ட் அல்ல, தரவை வைத்திருக்கும் பாடுகளுக்கான ஸ்டேட்ஃபுல்செட் அல்லவா போட வேண்டும் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சரிதான். ஆனால் முதல் வாரத்தில் இருப்பவரிடம் அதைச் சொன்னால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு நேர்காணலில் என் முகவரியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "எஸ்டேட்டில் இன்டர்நெட் வருமா?" செய்த வேலையைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்கள். லயத்தில், அந்தத் தோட்ட வரிசை வீடுகளில், விளக்கு வைத்துப் படித்த பிள்ளைகள் என்னென்னவோ ஆகிவிட்டார்கள், இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட், டெப்லாய்மென்ட், சர்வீஸ் இந்த மூன்றும் இப்போதைக்குப் போதும். புதிய பாடுக்கு ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, மாறிவிடும். சர்வீஸ்தான் மாறாத பெயர் தருகிறது. இன்றிரவே ஓடுகிற பாட் ஒன்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு, புதியது வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.