கேர்னலுக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது?

தம்பி, ஒட்டுசுட்டான் கற்கை நிலையத்தின் பழைய கணினிகளுக்கு நீங்களே லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொகுத்து, இப்போது 'ரூட்டைக் காணவில்லை' (கணினியின் முதன்மைக் கோப்பமைப்பைக் காணவில்லை) என்று அது பாதியில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வன்தட்டை இயக்கும் சாட்டா ட்ரைவரை மொடியூலாக்கிவிட்டு (தேவைப்படும்போது மட்டும் கேர்னலில் ஏற்றும் தனிக் கோப்பாக்கிவிட்டு), இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (துவக்கத்தில் இத்தகைய மொடியூல்களை நினைவகத்தில் தரும் சிறு கோப்புத் தொகுப்பையும்) நீக்கியதுதான் வினை. மொடியூல் கிடப்பது வன்தட்டில். வன்தட்டைத் திறக்கவோ அந்த மொடியூல் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

ஏஎச்சிஐ (சாட்டா ட்ரைவர்), எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் (சாட்டா வன்தட்டுக்கும் தேவையான ட்ரைவர்), எக்ஸ்ட்4 (கோப்பமைப்பு) மூன்றையும் கேர்னலுக்குள்ளேயே வையுங்கள். மற்றவை மொடியூலாக இருக்கட்டும். ஏற்றப்படாத மொடியூல் தட்டில் இடம் பிடிக்குமே தவிர நினைவகத்தைத் தின்னாது. ஆகவே இவ்வளவு கஞ்சத்தனம் தேவையில்லை.

கேர்னல் அமைப்பைச் சுருக்கித் தரும் 'லோக்கல்மொட்கொன்ஃபிக்' கட்டளை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டுமே விட்டுவைக்கும். மாங்குளத்தில் ஒரு கணினிக்கு இணைய டொங்கிளைச் செருகாமலே அதை ஓட்டினேன். மறுநாள் இணையம் இல்லை. விடுபட்ட ட்ரைவரை இறக்கவும் இணையம்தான் வேண்டும்! பென்டிரைவோடு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். நீங்கள் டொங்கிள், பிரின்டர், இணையம் பகிரும் கைப்பேசி எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டு ஓட்டுங்கள். பழைய கேர்னலைத் துவக்கப் பட்டியலிலிருந்து இப்போதைக்கு அழிக்காதீர்கள்.