போட்டி ரோபோவுக்குப் புரோகிராம்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களும் சில பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோவைப் பற்றியவை. அதன் மூளை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கன்ட்ரோல் போர்டு, கோட்டைப் பார்க்கும் கண் ஐ.ஆர். (இன்ஃப்ராரெட்) சென்சார். ஓசூரில் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் புரோகிராம் எழுதுவது என் வேலை. லீவு நாட்களில் பள்ளி அணிகளோடு உட்காருவேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, கிட்டில் இருந்ததை எல்லாம் பொருத்திவிட்டோம். ஆர்டுயினோ ஊனோ, இரண்டு மஞ்சள் மோட்டார், இரண்டு ஐ.ஆர். சென்சார். யூடியூபில் கிடைத்த புரோகிராமை ஏற்றினால் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. எங்கே தப்பு? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு)

அந்தப் புரோகிராமை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் முதல் புரோகிராம் ரோபோவை நகர்த்தவே கூடாது. அது பார்ப்பதை உங்களிடம் சொன்னால் போதும்.

சென்சாரின் அனலாக் முனையை ஆர்டுயினோவின் ஏ0 முனையில் செருகி, அங்கே வரும் எண்ணை சீரியல் மானிட்டரில் (ஆர்டுயினோ அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஜன்னல்) அச்சிடுங்கள். எண் 0 முதல் 1023 வரை இருக்கும். ரோபோவைக் கையில் பிடித்து வெள்ளைச் சார்ட் மேல் வையுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கறுப்பு டேப் மேல். வெள்ளையில் 80, கறுப்பில் 750 என்று வந்தால் நடுவே 415 உங்கள் எல்லை: அதற்கு மேல் கறுப்பு, கீழே வெள்ளை. சில சென்சார் போர்டில் இது தலைகீழாக வரும், அதனால் என்ன. இரண்டு எண்ணுக்கும் நல்ல இடைவெளி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 400-க்கும் 450-க்கும் நடுவே ஊசலாடினால் எந்தப் புரோகிராமும் உதவாது. சென்சார் தரையிலிருந்து அதிக உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பரவலாகக் கிடைக்கும் டி.சி.ஆர்.டி. 5000 சென்சார் தரைக்கு 2.5 மி.மீ. தூரத்தில்தான் நன்றாகப் பார்க்கும். ஒரு விரல் உயரத்தில் மாட்டிவைத்துவிட்டு புரோகிராமைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அடுத்து மோட்டார். ரோபோவை ஒரு டப்பா மேல் தூக்கி வையுங்கள், சக்கரம் அந்தரத்தில் சுற்றட்டும். இடது மோட்டாரை மட்டும் முன்னால் ஓட்டும் புரோகிராம், அப்புறம் வலதுக்கு மட்டும். உங்கள் ரோபோ சுற்றுவதற்குக் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும். இரண்டு மோட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருப்பதால், ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போகும். தப்பாகச் சுற்றும் மோட்டாரின் இரண்டு ஒயரை இடம் மாற்றுங்கள், அல்லது புரோகிராமில் திசையை மாற்றுங்கள். இரண்டையும் செய்துவிட்டால் பழையபடி ஆகிவிடும்!

புரோகிராம் ஏறவே மாட்டேன் என்கிறது. போர்ட் என்ற இடமே காலியாக இருக்கிறது. (அரூர், காவேரிப்பட்டணம், இன்னும் பலர்)

போர்ட் என்பது ஆர்டுயினோ போர்டு கம்ப்யூட்டரோடு பேசும் இணைப்பு. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். செல்போன் சார்ஜருக்கு வந்த சில கேபிள்களில் மின்சாரம் மட்டும் போகும், டேட்டா போகாது. அது சரி என்றால், விலை குறைந்த ஊனோ போர்டுகளில் சி.எச். 340 என்ற சிப் இருக்கும். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதற்கான டிரைவர் மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். போர்ட் தெரிந்தும் ஏறவில்லையா? 0, 1 எண் முனைகளில் ஒயர் ஏதாவது செருகியிருந்தால் பிடுங்குங்கள். புரோகிராம் ஏறும் வழி அதுதான்.

சார், மேசை மேல் கேபிளோடு இருக்கும்போது நன்றாக இருக்கிறது. பேட்டரி போட்டால் இரண்டடி போய் நின்று, மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கிறது. புரோகிராமில் எங்கே பிழை என்று ஒரு வாரமாகத் தேடுகிறோம். (டிப்ளமோ மாணவர், கிருஷ்ணகிரி)

தேடுவதை நிறுத்துங்கள் தம்பி. அந்தச் சதுரமான 9 வோல்ட் பேட்டரியைத்தானே போட்டிருக்கிறீர்கள்? அது பொம்மைக் கார் ரிமோட்டுக்கும் ஸ்மோக் அலாரத்துக்கும் ஏற்றது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்டை அதனால் தர முடியாது. வோல்டேஜ் சரிந்து ஆர்டுயினோ அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். புரோகிராமின் செட்டப் பகுதியில் (தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஓடுவது) போர்டில் இருக்கும் 13-ஆம் எண் விளக்கை மூன்று முறை சிமிட்ட வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோ நடுவழியில் மூன்று முறை சிமிட்டினால் ரீசெட் ஆகிறது என்று உறுதி.

18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போடுங்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் சார்ஜ் செய்ய வேண்டும், ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியத்தோடு விளையாட்டு வேண்டாம். எல்298என் மோட்டார் டிரைவர் (ஆர்டுயினோ சொல்படி மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் போர்டு) தன் பங்குக்குச் சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குப் பதில் டி.பி. 6612 டிரைவர் வைத்தால் அந்த இழப்பு மிகக் குறைவு. கடைசியாக ஒன்று: பேட்டரி, டிரைவர், ஆர்டுயினோ மூன்றின் கிரவுண்டும் (நெகட்டிவ் ஒயர்) ஒன்றாக இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் ரோபோ பேய் பிடித்தது போல நடந்துகொள்ளும்.

தமிழ் மீடியம் படிக்கிறேன். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. புரோகிராமிங் வருமா அண்ணா? (பத்தாம் வகுப்பு மாணவர், பென்னாகரம்)

வரும். ஆர்டுயினோவில் கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு ஏறக்குறைய முப்பது சொற்கள் போதும். அவற்றைப் பார்த்துப் பழகிவிடலாம். உங்கள் குறிப்புகளைப் புரோகிராமுக்குள்ளேயே இரண்டு சாய்கோடு போட்டுத் தமிழில் எழுதலாம், ஆர்டுயினோ ஏற்றுக்கொள்ளும்.

பயமுறுத்துவது அந்த ஆரஞ்சு நிறப் பிழைச் செய்திதான். பத்து வரி வந்தாலும் முதல் பிழையை மட்டும் பாருங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் வால். 'எக்ஸ்பெக்டட் செமிகோலன் பிஃபோர்' என்று ஒரு வரியைக் காட்டினால், அரைப்புள்ளி விட்டுப்போனது அநேகமாக அதற்கு முந்தைய வரியின் கடைசியில். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி நேரம் மிச்சம்.

நேரான பாதையில் ஓடுகிறது. வளைவில் தாண்டிப் போய்விடுகிறது. (ஊத்தங்கரை)

புரோகிராமில் 'டிலே' (வேறெதுவும் செய்யாமல் காத்திரு என்ற கட்டளை) எத்தனை இடத்தில் இருக்கிறது? 'இடது பக்கம் திரும்பு, டிலே 200' என்று எழுதினால் அந்த 200 மில்லி வினாடியும் ரோபோ கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் அது 10 செ.மீ. தூரம். கோடு எப்போதோ போயிருக்கும். எல்லா டிலேயையும் எடுத்துவிடுங்கள். பார், முடிவெடு, மோட்டாரை மாற்று, மறுபடி பார். இந்தச் சுற்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்க வேண்டும். நேரம் அளக்க வேண்டியிருந்தால், காத்திருக்காமலே நேரத்தைச் சொல்லும் 'மில்லிஸ்' இருக்கிறது.

ஐந்து சென்சார், என்20 மோட்டார், பி.ஐ.டி. எல்லாம் போட்டும் பாம்பு மாதிரி நெளிகிறது. கே.பி., கே.ஐ., கே.டி.க்கு நல்ல எண் சொல்லுங்கள். (பொறியியல் மூன்றாம் ஆண்டு, பர்கூர்)

எண் சொல்ல மாட்டேன். சொன்னாலும் பயன்படாது, உங்கள் ரோபோவின் எடையும் சக்கரமும் வேறு. வழியைச் சொல்கிறேன். பி.ஐ.டி. என்பது கோட்டிலிருந்து ரோபோ எவ்வளவு விலகியிருக்கிறது என்ற பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் கணக்கு. இப்போதைய பிழைக்கு கே.பி., சேர்ந்துவந்த பிழைக்கு கே.ஐ., பிழை மாறும் வேகத்துக்கு கே.டி. என்று அதில் மூன்று எண்.

இடமிருந்து வலமாக ஐந்து சென்சாருக்கும் 0, 1000, 2000, 3000, 4000 என்று இடம் கொடுத்து, எது எவ்வளவு கறுப்பைப் பார்க்கிறதோ அதற்கேற்ப சராசரி எடுத்தால் கோடு எங்கே என்று ஓர் எண் வரும். அதிலிருந்து 2000-ஐக் கழித்தால் பிழை. கோடு வலப்பக்கம் இருந்தால் பிழை பாசிட்டிவ். இடது மோட்டாரைக் கூட்டி வலதைக் குறைக்க வேண்டும். இந்தக் குறி மாறிப்போனால் ரோபோ கோட்டைக் கண்டு ஓட்டமெடுக்கும். ஆகவே தூக்கிப் பிடித்துக்கொண்டு, டேப் ஒட்டிய அட்டையைச் சென்சாருக்குக் கீழே இங்குமங்கும் நகர்த்தி எந்தச் சக்கரம் வேகம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

பிறகு கே.ஐ., கே.டி. இரண்டையும் சைபராக்கி, மெதுவான வேகத்தில் கே.பி.யை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள். நெளிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கே.டி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நெளிவு அடங்கும். வேகத்தைக் கூட்டுங்கள், மறுபடி அதே வேலை. கோடு பிடிக்கும் ரோபோவுக்கு கே.ஐ. பெரும்பாலும் தேவையே இல்லை. பெயரில் இருக்கிறதே என்பதற்காகப் போட்டு அவதிப்படுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய புரோகிராமில் ஒன்று கண்ணில் பட்டது. சுற்றுக்குள் சீரியல் பிரின்ட் (சீரியல் மானிட்டருக்கு அச்சிடும் கட்டளை) இருக்கிறது, வேகம் வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குப் பத்து பிட். அந்த வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துதான் போகும். 25 எழுத்துள்ள ஒரு வரி போக 26 மில்லி வினாடி. அதாவது உங்கள் ரோபோ வினாடிக்கு நாற்பது தடவைகூடப் பார்ப்பதில்லை. அதை எடுத்தாலே பாதி நெளிவு போகும் என்று நினைக்கிறேன்.

கிட் வாங்க இப்போது வசதியில்லை. மகன் ஆசைப்படுகிறான். (ஒரு தாய், மொரப்பூர்)

வாங்க வேண்டாம் அம்மா. டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் ஆர்டுயினோவை இலவசமாகவே ஓட்டிப் பார்க்கலாம். சென்சாருக்குப் பதில் ஒரு பொட்டன்ஷியோமீட்டரை (வால்யூம் குமிழ் போன்றது) இணைத்துத் திருகினால் அதே 0 முதல் 1023 வரை எண் வரும், புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைத்த செய்முறைக் கூடம்) இருக்கிறதா என்றும் தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காகவே ஏற்பட்டது. பூட்டியிருந்தால் நாலைந்து மாணவர்களாகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட அது எடுபடும்.

எங்கள் அணி ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சுக்குப் போகிறது. பிளாக்ஸா, ஜாவாவா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஓசூர்)

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் தெரியாதவர்களுக்கு: அது பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ரோபோ போட்டி. அணியில் யாருக்கும் ஜாவா மொழி தெரியாது என்றால், கட்டங்களை இழுத்துப் பொருத்தி எழுதும் பிளாக்ஸில் தொடங்குங்கள். ரோபோவின் மூளையான கன்ட்ரோல் ஹப்போடு வைஃபையில் சேர்ந்து பிரவுசரிலேயே எழுதிவிடலாம். கை பழகியதும் ஆன்பாட் ஜாவா, அதுவும் பிரவுசரில்தான். கம்ப்யூட்டரில் போட வேண்டிய பெரிய மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை முதல் மாதமே தொட வேண்டாம்.

எல்லோரையும் மாட்டிவிடும் மூன்று விஷயம் சொல்கிறேன். கான்ஃபிகரேஷனில் (எந்த முனையில் எது என்று பதிவுசெய்யும் இடம்) மோட்டாருக்கு வைத்த பெயரும் புரோகிராமில் எழுதிய பெயரும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். கேம்பேடின் குச்சியை முன்னால் தள்ளினால் ஒய் மதிப்பு மைனஸில் வரும். குறியை மாற்றாவிட்டால் முன்னால் தள்ள ரோபோ பின்னால் வரும். மூன்றாவது, முதல் 30 வினாடித் தானியங்கிச் சுற்று. 'இரண்டு வினாடி முன்னால் போ' என்று நேரத்தை நம்பி எழுதாதீர்கள். பேட்டரி புதிதாக இருக்கும்போது ஒரு தூரம், இறங்கியதும் ஒரு தூரம் போகும். மோட்டாரிலேயே சுற்றுகளை அளக்கும் என்கோடர் இருக்கிறது, அதை எண்ணி ஓட்டுங்கள்.

சாட்ஜிபிடியே எழுதித் தருகிறதே, நாங்கள் ஏன் கற்க வேண்டும்? (பெயர் சொல்லவில்லை)

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் ஒயர் எந்த முனையில் செருகியிருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். நடுவர் 'இந்த வரி எதற்கு?' என்று கேட்கும்போது பக்கத்தில் அதுவும் இருக்காது.

வீட்டில் ஓடியது போட்டி அரங்கில் ஓடவில்லை. (நிறைய பேர்)

வெளிச்சம். சூரிய ஒளியில் இன்ஃப்ராரெட் ஏராளம். ஜன்னலோரம் சென்சார் குழம்பிவிடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் பாவாடை கட்டுங்கள். பல இடங்களில் பாதையை ஃபிளெக்ஸ் பேனரில் அச்சிட்டு விரிப்பார்கள். அந்தப் பளபளப்பில், வீட்டில் கண்டுபிடித்த 415 போன்ற எல்லை எண் செல்லாது. எண்ணை எழுதி வைக்காமல், ஸ்விட்ச் போட்டதும் ரோபோ சில வினாடி கோட்டின் மேல் இடதும் வலதுமாக ஆடி, கண்ட சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் வைத்துத் தானே எல்லையைக் கணக்கிடும்படி எழுதுங்கள். சோதனை ஓட்டத்துக்கு நேரம் கொடுத்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். நன்றாக ஓடிய புரோகிராமைத் தேதி போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய ராத்திரி 'இன்னும் கொஞ்சம் வேகம்' என்று யாராவது லேப்டாப்பைத் திறந்தால் பிடுங்கிவிடுங்கள்.

உதிரிப் பாகம் எங்கே வாங்குவது? (காரிமங்கலம்)

நமக்குப் பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். சென்னைக்குப் போகிறவர் இருந்தால் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். மோட்டார் டிரைவரை மட்டும் இரண்டாக வாங்குங்கள், கிட்டில் முதலில் புகைவது அதுதான்.