மேல்மடைக்காரர் யார்?

அன்பின் ஐயா,

நான் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடி. பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். காவிரித் தகராறு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், காவிரி மேலாண்மை ஆணையம் எல்லாம் வந்தும் ஏன் தீரவில்லை? மத்திய அரசே நதிகளை எடுத்துக்கொண்டால் என்ன? விவசாயிகள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள், நிபுணர்கள் முடிவெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

*

அன்பின் மகள்,

கொஞ்ச நாளாக இதே யோசனைதான் எனக்கும். மத்திய அரசு எடுப்பதை விடுங்கள். யார் எடுத்தாலும் மழை கூடப்போவதில்லை.

2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் விடவேண்டியதை 192இலிருந்து 177.25 ஆக்கியது. எல்லாம் 740 டிஎம்சி வரும் வருசத்துக் கணக்கு. மழை பொய்த்தால் விகிதப்படி குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை.

ஆனால் விவசாயியை விலக்கச் சொன்னீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த ஊரில் பிறந்துவிட்டு இதை எழுதுகிறீர்கள்? என் மாமா வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் போகத்துக்கு முன், விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பார். அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அங்கேயே பேசி முடிப்பார்கள். விதைக்கு முன்னமே! அப்படியிருந்தும் இரவில் யாராவது வக்கடையை, வரப்பில் தண்ணீர் பாயும் வாயை, வெட்டிவிடுவார்கள். மாமா டோர்ச் லைட்டோடு போய்ச் சேறு அள்ளி அடைப்பார். வெட்டியவர் யாரென்று தெரியும், காலையில் அவர் வீட்டிலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டு கணக்கைத் தீர்ப்பார்.

நம் அம்பாறையில் கல்லோயா பாசனத் திட்டத்தின் இடதுகரையைப் படித்தீர்களா? வாய்க்கால் தொடங்கும் மேல்மடையில் சிங்கள விவசாயிகள், முடியும் கடைமடையில் தமிழர். 1981இல் அதற்குத் தண்ணீர் தரும் குளமான சேனாநாயக்க சமுத்திரம் கால்வாசிதான் நிரம்பியிருந்தது. இனக்கசப்பு கொதித்த காலம். விவசாயிகளை வாய்க்கால் வாரியாகக் கூட்டிப் பேசவைத்தார்கள். மேல்மடைக்காரர் முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். கடைமடை காய்ந்து கிடப்பதை நேரில் போய்ப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. உங்கள் நிபுணர்கள் செய்த நல்ல காரியம், அவர்களைச் சந்திக்க வைத்ததுதான்.

காவிரியிலும் 2003இல் இரு மாநில விவசாயிகள் ‘காவிரிக் குடும்பம்’ என்று கூடி, ஒருவர் வயலுக்கு மற்றவர் போனார்கள். அவர்கள் பேச்சுக்குச் சட்ட பலம் எதையும் யாரும் கொடுக்கவில்லை. உங்கள் கட்டுரை அங்கே தொடங்க வேண்டும் மகள். கர்நாடகத்து மண்டியாக்காரருக்கும் தமிழ்நாட்டுத் தஞ்சாவூர்க்காரருக்கும் ஆணையத்தில் ஏன் கதிரை இல்லை என்று கேளுங்கள்.

அப்புறம், அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.