ஓசியில் ஒரு படம் போட்டுக் குடுங்க!

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். போர்டு எழுதுவதும் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித் தருவதும்தான் பிழைப்பு. விடிகாலையில் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைவதுதான் என் உயிர். ஊரில் யார் வீட்டுப் பால்காய்ப்பு என்றாலும் "ஒரு படம் போட்டுக் குடுங்க சார்" என்பார்கள். காசு தரமாட்டார்கள். ஜவுளிக்கடைக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பாபநாசம் படம், என்னைக் கேட்காமலே கடைக் காலண்டரில் வந்துவிட்டது. "சென்னைக்குப் போயிருந்தா ஆளாயிருக்கலாம்" என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சென்னையை விடுங்கள் சார். நீங்கள் வரைவது பொதிகையில் சாரல் இறங்குவதையும் நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்பதையும். அங்கே போனால் போட்டோவைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

போர்டு எழுதுவது உங்களை உறுத்துகிறதோ என்று தோன்றுகிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவானபோது, அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் அடுப்பு மூட்டினார்கள். உங்களுக்குப் போர்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி காலண்டர். ஓவியத்தைக் கொடுத்தாலும் விற்றாலும், அதை அச்சிடும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்வது இது. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது உங்கள் வாரிசுகளுக்கு. ஆனால் ஒன்று: ஒருவர் ஆர்டர் கொடுத்துக் காசும் கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை அவருக்குப் போய்விடும். ஆகவே ஆர்டர் வாங்கும்போதே, "அச்சு உரிமை ஓவியருக்கே" என்று ரசீதில் ஒரு வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். ஆடிப்பெருக்கையொட்டி சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம், அதாவது கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்கும் மாதிரிப் புத்தகம், வந்துவிடும். அதற்கு முன்பே நாலு படத்தோடு போய், "அண்ணாச்சி, இந்த வருஷம் காசு கொடுத்துப் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். போன வருடம் போட்டவர், இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்.

பால்காய்ப்புக்கு ஒரிஜினலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நல்ல தாளில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போதும். ஒரிஜினலுக்குச் சதுர அங்குலக் கணக்கு வையுங்கள். 11-க்கு 15 அங்குலத் தாள் 165 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்றால் 3,300 ரூபாய். பிரேம் தனி. ஆளைப் பார்த்து விலை சொன்னால் ஊரில் பேச்சாகிவிடும்.

காசு வாங்கினால் சரக்கும் நிற்க வேண்டும். மலிவுக் கலரில் போட்ட ரோஜாவும் ஊதாவும் வெயில் படும் சுவரில் சீக்கிரமே வெளுத்துவிடும். பிரேம் போடும்போது, கண்ணாடி படத்தின் மேல் படாதபடி நடுவே அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள்; ஒட்டிக்கொண்டிருந்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும்.

விலையை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்களுக்கு வாய் வராது. வீட்டம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள்.