‘ஃபண்டு வரல’ என்றால், எந்த ஃபண்டு? அங்கன்வாடிப் பணம் நிற்கும் இடங்களும் தட்டவேண்டிய கதவுகளும்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். நாலு வயது மகன் தெருமுனை அங்கன்வாடிக்குப் போகிறான். அது ஒற்றை அறை, வாடகை இடம், கழிப்பறை கிடையாது. ஒரு மாதமாக முட்டை நின்றுவிட்டது. கேட்டால் டீச்சர் ‘ஃபண்டு வரல’ என்கிறார். நான் வீட்டு வேலைக்குப் போகும் பக்கத்தில் இருக்கிற அங்கன்வாடியில் சுவரெல்லாம் படம், டிவி, குட்டி நாற்காலி, சுத்திகரித்த தண்ணீர். இரண்டும் அரசாங்கத்துடையதுதானே? இன்னொன்று, ஒன்றரை வயது மகளின் பெயர் ஊர் அங்கன்வாடியிலேயே இருப்பதால் இங்கே சத்துமாவு தர மறுக்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: டீச்சர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். அங்கன்வாடிக்கு ஒரே பையிலிருந்து பணம் வருவதில்லை. சாப்பாட்டுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, கட்டடம், கழிப்பறை, சாமான்களுக்கு வேறு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்து ஒவ்வொரு இடத்தில் நிற்கும். முட்டைக்கு ஒரு கதவு, கழிப்பறைக்கு இன்னொரு கதவு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டும் நகராது.

முதலில் சாப்பாடு. இது சலுகை இல்லை, சட்டம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரவேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கடுமையான எடைக்குறைவு உள்ள பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். மூன்று வயதுக்குக் கீழே வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவு. கர்நாடகத்தில் அதை ‘புஷ்டி’ என்பார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை காலைச் சிற்றுண்டியும் சூடான மதியச் சாப்பாடும். ஆண்டுக்கு 300 நாள். இதற்கான செலவை மத்திய அரசும் கர்நாடக அரசும் பாதிப் பாதியாகப் போடுகின்றன. முட்டையும் பால்பவுடரும் மாநிலம் தன் பங்குக்குச் சேர்ப்பவை.

சட்டம் இவ்வளவு திடமாக இருந்தும் தட்டு ஏன் காலியாகிறது என்றால், கணக்கைப் பார்த்தாலே தெரியும். 2017-இல் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடுமையான எடைக்குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய் என்று வரையறுத்தார்கள். உயர்த்துவோம் என்று மத்திய பட்ஜெட் உரையில் வாய்திறக்க 2025 ஆனது. 30 பிள்ளைகள், மாதம் 25 நாள் என்றால் அந்த 8 ரூபாய்க் கணக்கில் மொத்தம் 6,000 ரூபாய். பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் அதற்குள். அரிசி, கோதுமை மானிய விலையில் வருவதால் ஓரளவு தாங்குகிறது. குக்கிராமத்துக்கும் பெங்களூருக்கும் அதே 8 ரூபாய்தான் என்பதையும் கவனியுங்கள். தக்காளி விலை அப்படி இருப்பதில்லையே.

முட்டையில் இடி நேராக டீச்சர் தலையில் விழுகிறது. பல மையங்களில் டீச்சரே கடையில் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு பணம் வரும் என்று காத்திருக்கவேண்டும். 30 பிள்ளைகளுக்கு வாரம் 2 முட்டை என்றால் மாதம் 240 முட்டை. கடையில் 7 ரூபாய், அரசு தரும் விலை 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 240 ரூபாய் அவர் கைக்காசு. அதுகூடப் பரவாயில்லை. மூன்று மாதப் பாக்கி நின்றால் 5,040 ரூபாய் கடைக்காரரிடம் கடன். 2018-இல் மத்திய அரசு டீச்சருக்கு நிர்ணயித்த மாத மதிப்பூதியமே 4,500 ரூபாய். அதற்கு மேல் மாநிலம் சேர்ப்பதை வைத்துத்தான் அவர் வீடு நடக்கிறது. கடைக்காரர் கைவிரித்த நாளில் முட்டை நிற்கும்.

பாக்கி ஏன் நிற்கிறது? மத்திய அரசு தன் பங்கை ஒரே தடவையில் தருவதில்லை. நாலு தவணை, ஒவ்வொன்றும் கால்வாசிக்கு மேல் போகாது. வந்ததில் 75 சதவீதம் செலவாகி, மாநிலமும் தன் பங்கைப் போட்ட பிறகுதான் அடுத்தது. எங்கோ சில மாவட்டங்கள் செலவுக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தாலும், மாநில நிதித்துறை தன் பங்கை இழுத்தடித்தாலும், ஒழுங்காகக் கணக்கு வைத்த உங்கள் தெரு மையத்துக்கும் பணம் வராது. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலை ஒட்டிய மாதங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

அதனால், டீச்சர் மேல் புகார் எழுதாதீர்கள். எழுதினால் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், முட்டை வராது. அவரையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் பெற்றோர் இடம்பெறும் பால விகாஸ சமிதி என்று ஒரு குழு உண்டு. அதன் தலைவரும் டீச்சரும் சேர்ந்துதான் வங்கிக் கணக்கை நடத்துகிறார்கள். பல தெருக்களில் தலைவர் யார் என்று பெற்றோருக்கே தெரியாது. நாலைந்து தாய்மாராகப் போய்க் கூட்டம் போடச் சொல்லுங்கள். பாஸ்புக்கைப் பார்த்தால் முட்டைப் பணம் கடைசியாக எந்தத் தேதியில், எவ்வளவு வந்தது என்பது தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்திர உணவுப் பட்டியலையும் போனில் படமெடுத்து வையுங்கள். தர வேண்டியது எது, தந்தது எது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த இரண்டும் கையில் இருந்தால் மனு அரைப் பக்கம் போதும். ‘இந்த மையத்தில் இத்தனை பிள்ளைகள், இன்ன தேதியிலிருந்து முட்டை இல்லை, கணக்கில் கடைசியாகப் பணம் வந்தது இன்ன தேதி. பாக்கியை விடுவிக்கவும்.’ மையத்தின் 11 இலக்கக் குறியீட்டு எண்ணை மேலே எழுதுங்கள். டீச்சரின் போன் செயலியில் இருக்கும். மனுவைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வருவது பெரும்பாலும் வீண். அவர் கையில் பணம் இல்லை. குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரி, அதாவது எல்லாரும் சொல்கிற சி.டி.பி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கு இதற்காக அலையவேண்டாம். பெங்களூரு 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. பிரிந்தாலும் சேர்ந்தாலும் அங்கன்வாடி அவர்கள் பொறுப்பில் இல்லை. மாநிலப் பெண்கள் குழந்தைகள் நலத்துறைதான் நடத்துகிறது.

இரண்டு வாரத்தில் அசைவில்லையென்றால் அதே மனுவை மாவட்டத் துணை இயக்குநருக்கு அனுப்பி, மாநில அரசின் 1902 எண்ணிலும் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அதற்கும் மேலே மாநில உணவு ஆணையம் இருக்கிறது. அங்கே எழுதும்போது ‘முட்டை தரவில்லை’ என்று நிறுத்தாமல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். உரிய உணவைத் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தரவேண்டும் என்பது அந்தப் பிரிவு. பணம் கைக்கு வருவது அபூர்வம்தான். ஆனாலும் பிரிவு எண் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது அலுவலகத்துக்குக் கஷ்டம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் கர்நாடகத்துக்கென்று ஒரு விதி உண்டு: ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். முட்டையையும் வாடகையையும் சேர்த்துக் கேட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். கட்டணம் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் நகல் வைத்தால் போதும். சட்டம் ஏற்கும் மொழிகள் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி. ஆகவே இங்கே தமிழில் எழுதிப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். ‘இந்தத் திட்ட அலுவலகத்தின் கீழ் உள்ள ஒவ்வொரு மையத்துக்கும் கடந்த 12 மாதங்களில் முட்டைக்காக விடுவித்த தொகை, தேதி வாரியாக’ என்று கேட்டால் பக்கத்து மையத்துக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தாளில் வந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதவேண்டும்.

இனி, இரண்டு மையங்களுக்கும் நடுவில் ஏன் இத்தனை வித்தியாசம்? அதிகாரிகளின் பாரபட்சம் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் அந்த வாடகை அறை. கழிப்பறைக்கு ஒரு மையத்துக்கு 36,000 ரூபாய், குடிநீர் வசதிக்கு 17,000 ரூபாய் என்று மத்திய திட்டத்தில் பணம் இருக்கிறது. டிவி, தண்ணீர் சுத்திகரிப்பு, படம் வரைந்த சுவர் என்று மையத்தைத் தரம் உயர்த்தவும் தனித் திட்டம் இருக்கிறது. இவையெல்லாம் அரசுக் கட்டடத்தில் நடக்கும் மையத்துக்குத்தான். அடுத்தவர் வீட்டுச் சுவரில் அரசு காசு போடாது. சரி, கட்டடமே கட்டலாமே என்றால், கிராமங்களில் நூறு நாள் வேலைத் திட்டப் பணத்தோடு சேர்த்து அங்கன்வாடி கட்ட வழி வைத்திருந்தார்கள். நகரத்துக்கு அந்த வழி இல்லை. வாடகைக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் லிங்கராஜபுரத்திலோ ஈஜிபுராவிலோ ஸ்ரீராமபுரத்திலோ கிடைப்பது ஒற்றை அறைதான். இல்லாதவருக்குத் தரவேண்டிய பணம், ஏற்கெனவே கட்டடம் இருப்பவரிடமே போய்ச் சேரும்படி விதி எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலிகளும் விளையாட்டுச் சாமான்களும் ஏதாவது கம்பெனி கொடுத்தவையாகவும் இருக்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும், அதிலும் தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும். அலுவலகங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலைப் பக்கம் அந்தப் பணம் குவிவதில் வியப்பில்லை. அவர்களும் முதலில் கேட்பது ‘சொந்தக் கட்டடமா?’ என்றுதான்.

ஆகவே கழிப்பறை கேட்டு மனு போடுவதைவிட இடமாற்றம் கேட்பதே சரி. அதற்கு இடத்தையும் நீங்களே காட்டவேண்டும். ‘இடம் இல்லை’ என்பதுதான் அலுவலகத்தின் நிரந்தரப் பதில். நடந்துபோகும் தூரத்தில் அரசுப் பள்ளியில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை உண்டா என்று முதலில் பாருங்கள். அங்கன்வாடியையும் பள்ளியையும் ஒரே வளாகத்தில் வைப்பதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது. மனுவில் அதைச் சுட்டலாம். அடுத்து மாநகராட்சியின் சமுதாயக் கூடம், குடிசை மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் தரைத்தள அறை. இந்த இடத்தில்தான் மாநகராட்சிக்குப் போகவேண்டும். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சமையல் மூலை, பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காத வழி, இந்த நாலும் இருக்கிறதா என்று பார்த்துப் படத்தோடு மனுவில் இணையுங்கள். கையெழுத்துப் போடுபவர்கள் பிள்ளையின் பெயரையும் வயதையும் சேர்த்து எழுதினால் அது வெறும் கையெழுத்துப் பட்டியலாக இருக்காது.

காலி அரசு நிலம் மட்டும் கிடைத்தால் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். கர்நாடகத்தில் அவருக்குத் தொகுதி நிதி ஆண்டுக்கு 2 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி, அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குச் செலவிடவேண்டும் என்று விதி. உங்கள் தெரு அப்படிப்பட்டதென்றால் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பக்கத்துக் குடிசைப் பகுதிகளில் அங்கன்வாடியே இல்லை என்றால் அது வேறு விஷயம். ஆறு வயதுக்குக் கீழே 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டது. வீடுவீடாக எடுத்த பிள்ளைகள் பட்டியல்தான் அங்கே ஆயுதம்.

மகளின் விஷயம் இவற்றில் சுலபமானது. ஒரு ஆதாருக்கு ஒரு மையம் என்று, டீச்சர் போனில் பதிவு வைக்கும் போஷன் டிராக்கர் செயலி பூட்டி வைத்திருக்கிறது. ஊரில் பெயர் இருக்கும்வரை இங்கே புதிதாகப் பதிய முயன்றால் ஏற்காது. புதிதாகப் பதியச் சொல்லாதீர்கள். இடம்பெயர்வு என்று மாற்றச் சொல்லுங்கள். மாநிலம் விட்டு மாநிலமும் மாற்றலாம். குழந்தைக்கு ஆதார் இல்லையென்றாலும் தாயின் ஆதார் போதும். ஆனால் உங்கள் ஆதாரோடு இணைத்த போன் நம்பர் நடப்பில் இருக்கவேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஊரில் கொடுத்த பழைய நம்பர் செத்துப்போயிருந்தால் முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். 2025 ஜூலை முதல் மாவு வாங்குபவரின் முகத்தையும் படமெடுத்துச் சரிபார்க்கிறார்கள். அதனால் மாவு வாங்கப் பாட்டியை அனுப்பாமல் நீங்களே போங்கள். மாற்றம் முடிகிறவரை ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும்.

முட்டை இல்லை என்ற கோபத்தில் மகனை நிறுத்திவிடவும் வேண்டாம். மையத்துக்கு வரும் அரிசியும் பருப்பும் பணமும் பதிவேட்டிலுள்ள பிள்ளைகள், வந்த நாட்கள் என்ற கணக்கில் வருகின்றன. பத்துப் பேர் நின்றால் அடுத்த ஒதுக்கீடு சுருங்கும். எண்ணிக்கை குறைந்த மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர்க்கவும் அதையே காரணம் காட்டுவார்கள். அதிலும் மாதாமாதம் எடை போடும் நாளில் கட்டாயம் அழைத்துப்போய், எடையையும் உயரத்தையும் தாய் அட்டையில் உங்கள் கண்முன் எழுத வையுங்கள். உயரத்துக்கேற்ற எடை கடுமையாகக் குறைவு என்று பதிவானால்தான் அந்த 800 கலோரிக் கணக்கு உங்கள் பிள்ளைக்குத் தொடங்கும்.