மைசூர்பாகு வேண்டாம், பூங்கொத்து போதும்

வணக்கம். ஆசார யூதரான சக ஊழியர் வெள்ளி இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார், வீட்டில் கிண்டிய நெய் மைசூர்பாகு கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவர்கள் இறைச்சியையும் பால் பொருளையும் சேர்த்து உண்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள்கூட உண்டு. வெள்ளி விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், நெய்யோ பால் வகை. கோஷர் எனும் யூத உணவு விதிப்படி நடக்காத சமையலறையில் செய்தது என்பது அடுத்த சிக்கல். பூங்கொத்து வாங்குங்கள், சூரியன் மறையும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

சூரியன் மறைந்ததும் ஷபாத் எனும் வார ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இரவு வரை விளக்கைப் போடுவதும் அணைப்பதும் கிடையாது. நீங்கள் பழக்கதோஷத்தில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டால் இரவெல்லாம் இருட்டுதான்! அழைப்பு மணி வேண்டாம், கதவைத் தட்டுங்கள். கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

திராட்சை மதுவின் மேல் ஆசி சொல்வார்கள். பிறகு கைகழுவி வந்து எல்லாரும் திடீரென மௌனமாவார்கள். கோபமில்லை, ரொட்டிக்கான ஆசி முடியும்வரை பேசக்கூடாது. மேசையில் துணி மூடிய இரண்டு ரொட்டிகள் இருக்கும்: பாலைவனத்தில் அவர்களின் முன்னோருக்கு வெள்ளிதோறும் இருமடங்காகக் கிடைத்த மன்னா எனும் வான் உணவின் நினைவு அது.

எதிர்பாலரிடம் கைகுலுக்கக் கை நீட்டாதீர்கள். ‘ஷபாத் ஷாலோம்’ (அமைதியான ஓய்வுநாள் வாழ்த்து) என்று சொன்னால் போதும், மகிழ்ந்துபோவார்கள்.