பவர் பட்டனைத் தொடும் முன்: லேப்டாப் கேள்வி பதில்

லேப்டாப் பழுதுபார்ப்பதே என் தொழில். என் மேசைக்கு வரும் பல இயந்திரங்களில் முதலில் வந்த பழுது சின்னதாகத்தான் இருந்திருக்கும். "இன்னொரு தடவை ஆன் செய்து பார்ப்போம்" என்று பதற்றத்தில் செய்தது அதைப் பெரிதாக்கியிருக்கும். இயந்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் படங்களையும் எழுதி வைத்ததையும் எங்கே போய் வாங்குவது? அதை மனதில் வைத்துத்தான் எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, அவசரம். அரை மணி நேரத்துக்கு முன் சர்க்கரை போட்ட காபி கீபோர்டில் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டேன். லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சேவ் செய்யாத வேலையும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: மேலே படிக்கும் முன் அணைத்துவிடுங்கள். ஷட் டவுனுக்குக் காத்திருக்க வேண்டாம், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜரை முதலில் சுவர்ப் பக்கம் கழற்றுங்கள், பிறகு லேப்டாப் பக்கம். சேவ் செய்யாத வேலை போனால் போகட்டும். இப்போது அதைக் காப்பாற்றப் போனால் மற்றதெல்லாம் போகலாம்.

அணைத்தாயிற்றா? சரி. மூடியை நன்றாக விரித்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி, கூரை போல ஒரு துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். வந்த வழியிலேயே வடியட்டும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது, அதன் தூசும் மாவும்தான் துளைகளுக்குள் போகும்.

ஈரமும் மின்சாரமும் ஒன்று சேரும்போதுதான் மதர்போர்டின் செம்புத் தடங்கள் வேகமாக அரிக்கின்றன. "ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கவலை தந்தது. கொட்டியது வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று நாள் காயவைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். சர்க்கரை காய்ந்தாலும் போகாது. பிசினாகத் தங்கிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். திறந்து, 90 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மையுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் போர்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அது முடியும்வரை ஆன் செய்யாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம்.

கேள்வி: நாள் முழுக்கச் சார்ஜரிலேயே போட்டு வேலை செய்கிறேன். பேட்டரி கெட்டுவிடும், அவ்வப்போது பூஜ்யம்வரை இறக்கி ஏற்று என்கிறார் நண்பர். உண்மையா சார்?

பதில்: நண்பர் சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பாடம். லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் சந்தைக்கு வந்தது. இன்றைய லேப்டாப்களில் இருப்பது அந்த வகைதான். அடிக்கடி பூஜ்யம்வரை இறக்குவது அதற்குக் கெடுதல்.

சார்ஜரில் இருப்பதால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிவிடாது. நிரம்பியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும். பேட்டரிக்கு வயதாகச் செய்பவை இரண்டு. ஒன்று, எப்போதும் முழுதாக நிரம்பியே இருப்பது. பொதுவாக ஒரு செல் நிரம்பும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும், அந்த உச்சத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் உள்ளே ரசாயனம் தேய்கிறது. இன்னொன்று சூடு. இரண்டும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகிவிடும்.

அதனால் சார்ஜரில் வேலை செய்வதை விட வேண்டாம், 80 சதவீதத்தில் நிற்கும்படி வரம்பு வைத்துவிடுங்கள். ஆசுஸில் மைஆசுஸ் செயலியில் இந்த வசதி உண்டு. லெனோவாவில் அதன் பெயர் கன்சர்வேஷன் மோட். வேறு பல நிறுவனங்கள் இதை பயாஸ் அமைப்பில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையில் வைத்திருக்கின்றன. நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் அடிக்கும் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் (/batteryreport) என்ற தேர்வு உண்டு. அது தரும் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் அளவு. 50,000 இருந்த இடத்தில் 30,000 இருந்தால் உங்களிடம் மிஞ்சியிருப்பது 60 சதவீதம். மேக்கில் பேட்டரி அமைப்பிலேயே சதவீதமாகக் காட்டிவிடும்.

கேள்வி: டச்பேட் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறது. அழுத்தினால் சரியாக க்ளிக் ஆவதில்லை. மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது. ஒட்டிவிடலாமா?

பதில்: ஒட்டாதீர்கள், அழுத்தவும் வேண்டாம். பல லேப்டாப்களில் டச்பேடுக்குக் கீழேதான் பேட்டரி இருக்கிறது. டச்பேட் எழும்பினால், மேசையில் வைக்கும்போது அடிப்பாகம் ஆடினால், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பிய பேட்டரியைத்தான். உள்ளே சிதைவு நடந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உப்பியது தானாக வற்றாது. அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். நீங்களே திறந்து நெம்பி எடுக்க முயல வேண்டாம், துளை விழுந்தால் அந்த நொடியே தீப்பிடிக்கலாம். வாயுவைக் குத்தி வெளியேற்றும் காணொளிகளைப் பார்த்து யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். பழகிய ஒருவரிடம் கொடுத்துப் பேட்டரியை மாற்றுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

கேள்வி: ஐயா, என்னுடையது மெட்டல் உடம்பு கொண்ட லேப்டாப். சார்ஜ் போட்டிருக்கும்போது விரலால் தடவினால் சொரசொரவென்று ஒரு அதிர்வு. சில நேரம் சுருக்கென்கிறது. ஷாக் அடிக்கிறதா?

பதில்: நல்ல கேள்வி. பலர் பிரமை என்று விட்டுவிடுகிறார்கள். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் வழியே மிகச் சிறிய அளவு மின்சாரம் கசிவது அந்த வடிவமைப்பின் இயல்பு. மூன்று பின் பிளக்கில் அது எர்த் வழியே போய்விடும். இரண்டு பின் பிளக்கில் போக வழி இல்லாமல் லேப்டாப்பின் மெட்டலில் நிற்கும், நீங்கள் தொட்டதும் உங்கள் வழியே தரைக்குப் போகும். நல்ல சார்ஜரில் அந்த அளவு ஆபத்தில்லாதது.

உங்களுடையது மூன்று பின் என்றால் கதை வேறு. பிளக்கில் எர்த் பின் இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ சுவரிலோ எர்த் இணைப்பு இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். சுள்ளென்று உதறித் தள்ளும்படி அடித்தாலோ, சார்ஜர் விரிந்திருந்தாலோ, பொசுங்கும் வாடை வந்தாலோ அந்தச் சார்ஜரை அன்றே தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: தொலைந்துபோன சார்ஜருக்குப் பதில் வேறொன்று போடலாமா?

பதில்: உருண்டை முனைச் சார்ஜர் என்றால் வோல்ட் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். யுஎஸ்பி சி என்றால் சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவு செய்துகொள்ளும், அதனால் வாட்டை மட்டும் பார்த்தால் போதும். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 20 வாட் போன் சார்ஜரைப் போட்டால் கெடுதல் இல்லை, ஏறாமல் போகலாம், அல்லது மிக மெதுவாக ஏறலாம். கேபிளையும் கவனியுங்கள். சாதாரண யுஎஸ்பி சி கேபிள் 60 வாட்வரைதான், அதற்கு மேல் போக உள்ளே சிறு சிப் வைத்த கேபிள் வேண்டும்.

கேள்வி: கட்டிலில் படுத்துக்கொண்டுதான் வேலை. ஒரு மணி நேரத்தில் ஃபேன் அலறுகிறது, எல்லாம் மெதுவாகிறது, சில நாள் பட்டென்று அணைந்தும் விடுகிறது. வைரஸா அண்ணா?

பதில்: வைரஸ் இல்லை தம்பி, மூச்சு முட்டுகிறது. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. மெத்தை அந்தத் துளைகளை அடைத்துவிடும். பல பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு எல்லை இருக்கிறது. அதை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும். நீங்கள் பார்த்ததும் அதே வரிசைதான்.

முதலில் கெட்டியான மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கி ஒரு வாரம் பாருங்கள். அப்படியும் அலறினால் உள்ளே தூசு. ஃபேனுக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போலப் படிந்திருக்கும், வெளியிலிருந்து ஊதினால் முழுதாகப் போகாது. அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். சில ஆண்டுகள் ஆன இயந்திரம் என்றால் பிராசஸரின் சூட்டை வெப்பத் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெறும் தொடையில் மணிக்கணக்காக வைக்காதீர்கள். சுடுகிறது என்று தோன்றாத சூட்டிலேயே நாளடைவில் தோலில் வலைபோல் பழுப்புக் கோடுகள் விழும். மருத்துவர்கள் இதை எரித்திமா அப் இக்னே என்கிறார்கள்.

கேள்வி: ஸ்லீப்பில் போட்டு அப்படியே பைக்குள் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். புதிய லேப்டாப்கள் ஸ்லீப்பில் இருக்கும்போதும் நடுவில் விழித்து அப்டேட் பார்க்கும், மூடிய பைக்குள் சூடேறும். ஹைபர்னேட் செய்யுங்கள், திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணையும். அல்லது அணைத்துவிடுங்கள்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. திரை முழுக்கச் சிவப்பாகி, வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று சத்தம் போட்டது. பயந்து அழைத்துவிட்டேன். ஏதோ செயலியைப் போடச் சொன்னார்கள், போட்டேன். கார்டு எண் கேட்டபோது வைத்துவிட்டேன். இப்போது என்ன ஆகும்?

பதில்: அம்மா, கார்டு எண்ணைக் கொடுக்காமல் வைத்தீர்களே, அது பெரிய காரியம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, பயமுறுத்தவென்றே செய்த திரை அது. உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது.

இப்போது வைஃபையை அணையுங்கள். அவர்கள் போடச் சொன்னது உங்கள் லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி. அதை நீக்க வேண்டும். பிறகு வேறொரு கருவியிலிருந்து, நினைவில் வையுங்கள், இந்த லேப்டாப்பிலிருந்து அல்ல, முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அடுத்து வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் திரைக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால் ஃபைல்களை நகல் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் எனக்கு நிம்மதி. அடுத்த முறை அப்படித் திரை வந்தால் எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அல்லது ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். எதுவும் கேட்காவிட்டால் அணைத்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது.

கேள்வி: பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க் வகை. இரண்டு நாளாக உள்ளே டிக் டிக் என்று சத்தம். ஸ்கேன் ஓடவிடலாமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம், டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் வேண்டவே வேண்டாம். அந்த டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் நேரத்தை நகல் எடுக்க மட்டும் செலவிடுங்கள். திரும்பக் கிடைக்காதவை முதலில், படங்களும் நீங்கள் எழுதியவையும். மென்பொருளும் சினிமாவும் கடைசியில். நடுவில் நின்றுவிட்டால் ஆன் ஆஃப் செய்து தொல்லை கொடுக்காமல், தகவல் மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள். அப்புறம் சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம், அந்தப் பழைய லேப்டாப்பே புதிதுபோல் ஓடும்.

கேள்வி: வேகமாக்கித் தரும் கிளீனர் மென்பொருள், டிரைவர் அப்டேட்டர் இதெல்லாம் போடலாமா?

பதில்: தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள்.

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 10. 11 ஏறாது என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஏறாததற்கு, 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் காரணமாக இருக்கலாம். பயாஸில் அது அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பிராசஸரே பழையது என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

கேள்வி: மதர்போர்டு மாற்றிக்கொண்டு வந்தேன். ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே!

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே இயங்கும். அதன் சாவி பழைய போர்டின் டிபிஎம் சிப்பில் இருந்தது, போர்டோடு அதுவும் போய்விட்டது. வேறொரு கருவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவிகள் என்ற பகுதியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது. இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றே அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அண்ணா, காபி கொட்டியவன் மறுபடியும் வந்திருக்கிறேன். சொன்னபடி அன்றே அணைத்தேன், ஐந்து நாளாக ஆன் செய்யவே இல்லை. போர்டைக் கழுவித் தந்துவிட்டார்கள், ஆன் ஆகிவிட்டது! இரண்டு மூன்று கீ மட்டும் ஒட்டுகின்றன. வேலையைத் தொடரலாமா?

பதில்: ரொம்ப மகிழ்ச்சி! ஐந்து நாள் பொறுத்திருந்தீர்களே, அது எல்லோராலும் முடிவதில்லை. கீபோர்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இப்போது வெளி டிஸ்க் ஒன்றைச் சொருகி, ஃபைல்களை எல்லாம் நகல் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுவிய போர்டு பல ஆண்டு ஓடுவதும் உண்டு, சில வாரத்தில் எங்கோ மிச்சமிருந்த அரிப்பு வேலையைக் காட்டுவதும் உண்டு. நகல் முடிந்ததும் தொடருங்கள்.